சனி இப்போது எந்த வீட்டில் இருக்கிறார்? நாகை மொட்டைமாடியில் ஒரு ராத்திரி

பொங்கல் முடிந்த வாரம். வெளிப்பாளையத்தில் சித்தி வீட்டு மொட்டைமாடி. ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழையும் மேகமும் மூடிக்கொண்டிருந்த வானம், தை பிறந்ததும் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. கிழக்கே கடல் இருட்டில் மீன்பிடிப் படகுகளின் விளக்குகள். வடக்கே நாகூர்ப் பக்கத்து வெளிச்சம். நண்பரிடம் இரவல் வாங்கிவந்த 70 மில்லிமீட்டர் தொலைநோக்கியை முக்காலியில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"இதுல என்னடா பாக்கப் போற?" என்றார் சித்தி.

"சனியை" என்றேன்.

சித்தி சட்டென்று இரண்டடி பின்னால் போனார்.

அவர் பயந்ததற்குக் காரணம் உண்டு. சித்தியின் மகனுக்கு மகர ராசி. ஏழரைச் சனி. 2025 தொடக்கத்தில் அவனுக்கு ஒரு நல்ல இடத்தில் பெண் பேசினார்கள். பெண் வீட்டார் வைத்திருந்தது திருக்கணிதப் பஞ்சாங்கம். அதன்படி 2025 மார்ச் 29-ம் தேதி சனி மீன ராசிக்குப் போய்விட்டார். மாப்பிள்ளைக்கு ஏழரை முடிந்தது. வைகாசியில் முகூர்த்தம் வைக்கலாம் என்றார்கள். சித்தி வீட்டில் தலைமுறை தலைமுறையாக வாக்கியப் பஞ்சாங்கம். அதில் சனிப்பெயர்ச்சி 2026 மார்ச் 6-ம் தேதி. "இன்னும் ஒரு வருஷம் போகட்டும்" என்று சித்தி சொல்லிவிட்டார். பெண் வீட்டார் பொறுமையானவர்கள், இதுவரை காத்திருக்கிறார்கள். ஆனால் கடந்த சில மாதங்களாக அந்தப் பக்கத்திலிருந்து போன் வருவது குறைந்துவிட்டது என்று தம்பி கவலைப்படுகிறான்.

டெல்டாவில் இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. நாகையிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் 20 கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில் திருநள்ளாறு. தர்ப்பாரண்யேஸ்வரர் கோயிலில் சனீஸ்வரர் சந்நிதி. சனிப்பெயர்ச்சி அன்று லட்சக்கணக்கில் கூட்டம் வரும். 2025 மார்ச்சில், 'இந்த மாதம் 29-ம் தேதி சனிப்பெயர்ச்சியாமே' என்று ஊரெல்லாம் பேச்சு கிளம்பியபோது, கோயில் நிர்வாகமே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. இந்தக் கோயில் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறது, அதன்படி சனிப்பெயர்ச்சி 2026-ல்தான் என்றார்கள்.

இரண்டு தேதிகளுக்கும் இடையே 342 நாள். ஒரே சனி, ஒரே வானம். எப்படி இவ்வளவு வித்தியாசம் வரும்? தம்பி கேட்ட இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் நான் தொலைநோக்கி இரவல் வாங்கும் நிலைக்கு வந்தேன்.

மெதுவாக நடப்பவன்

சனிக்கு வடமொழியில் 'சனைச்சரன்' என்று பெயர். மெதுவாக நடப்பவன் என்று பொருள். 'மந்தன்' என்ற பெயரும் அதையே சொல்கிறது. சங்க காலத்தில் நம்மவர்கள் வைத்த பெயர் 'மைம்மீன்'. புறநானூற்றில் பாரியின் நாட்டைப் பற்றிக் கபிலர் பாடும்போது, மைம்மீன் புகைந்தாலும் அந்த நாட்டில் மழை பொய்க்காது என்கிற பொருளில் சொல்கிறார். சனியைப் பார்த்துப் பயந்ததும் புதிதல்ல, 'அதனால் ஒன்றும் ஆகாது' என்று சொன்னதும் புதிதல்ல.

வெறும் கண்ணுக்குத் தெரியும் ஐந்து கோள்களில் சனிதான் கடைசி. சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 29 ஆண்டு 5 மாதம். அதை 12 ராசிகளால் வகுத்தால் ஒரு ராசிக்குச் சுமார் இரண்டரை ஆண்டு. மூன்று ராசிக்கு ஏழரை. நம் பாட்டிமார்கள் சொல்லும் ஏழரைச் சனிக்குப் பின்னால் இருப்பது அசல் வானியல் கணக்குதான். தொலைநோக்கி இல்லாத காலத்தில், ஒரு மஞ்சள் புள்ளியைத் தலைமுறைக் கணக்கில் பார்த்து எழுதிவைத்தவர்கள் கண்டுபிடித்த எண் அது.

மகர ராசிக்காரர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். திருநள்ளாற்றுக் கணக்குப்படி அவர்களுக்கு ஏழரை தொடங்கியது 2017 டிசம்பர் 19. முடிவது 2026 மார்ச் 6. கூட்டிப் பாருங்கள்: எட்டு வருஷத்துக்கும் மேல்! திருக்கணிதத்தில் பார்த்தாலும் எட்டைத் தாண்டுகிறது. காரணம், சனியின் பாதை சரியான வட்டம் இல்லை, லேசாக நசுங்கிய நீள்வட்டம். சூரியனிலிருந்து தள்ளிப் போகும்போது கோள் மெதுவாக ஓடும் என்று கெப்ளர் 400 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார். சனி தன் பாதையின் மிகத் தொலைவான இடத்தைக் கடந்தது 2018-ல். மகர ராசிக்காரர்கள் மாட்டிக்கொண்டது அந்த மந்தமான பகுதியில். இதைச் சொன்னதும் தம்பி, "அப்ப எனக்கு மட்டும் ஓவர்டைமா அண்ணே?" என்றான்.

இதோடு 'வக்ரம்' வேறு. சனி சில மாதங்கள் பின்னோக்கிப் போவதுபோலத் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீங்கள் போகும் பஸ், முன்னால் போகிற டிராக்டரை முந்தும்போது, அந்த டிராக்டர் தூரத்துப் பனைமரங்களை ஒட்டிப் பின்னால் போவதுபோலத் தெரியுமே, அதேதான். நாம் இருக்கும் பூமி வேகமான பஸ். சனி டிராக்டர்.

342 நாள் எங்கே போச்சு?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம்.

'வாக்கியம்' என்றால் வாக்கியம்தான். எழுத்துக்கு ஓர் எண் என்று வைத்துக்கொண்டு, கிரகக் கணக்கை மனப்பாடம் செய்யக்கூடிய சின்னச் சின்னத் தொடர்களாகக் கட்டிவைத்தார்கள். சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள். அவற்றை இயற்றியவர் வரருசி என்பது மரபு. காகிதம் வேண்டாம், பேனா வேண்டாம், நெஞ்சில் இருந்தால் போதும்.

இதன் வலிமையை ஒரு வெள்ளைக்காரர் நேரில் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். ஜான் வாரன் என்பவர் 1825-ல் சென்னையில் வெளியிட்ட 'கால சங்கலித' என்ற நூலில் அது இருக்கிறது. புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், தரையில் சோழிகளை வைத்து நகர்த்தியபடி, மனப்பாடமாக இருந்த வாய்ப்பாடுகளை வைத்தே 1825 ஜூன் 1-ம் தேதி சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை வெறும் 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். எழுதிப் பார்க்காமல், சோழிகளை வைத்து! பின்னாளில் கணித வரலாற்றறிஞர் ஓட்டோ நாய்கபவர் இதை எடுத்து ஆராய்ந்து வியந்திருக்கிறார்.

சரி, அப்படியானால் சனியில் மட்டும் ஏன் ஒரு வருஷம் இடிக்கிறது?

வாக்கிய மரபு ஆரியபட்டரின் வழியில் வந்தது. ஆரியபட்டர் 43,20,000 ஆண்டுகளில் சனி 1,46,564 சுற்று வரும் என்று எண் கொடுத்திருக்கிறார். அவருடைய ஆண்டின் நீளத்தை வைத்து வகுத்தால், சனியின் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 10,766 நாள் வருகிறது. இன்றைய அளவீடு 10,759 நாள். வித்தியாசம் ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 7 நாள். அதாவது 29 ஆண்டு ஓட்டத்தில் ஒரே ஒரு வாரம். பிழை என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அவ்வளவு துல்லியம்.

ஆனால் ஆரியபட்டர் கணக்குப் போட்ட கி.பி. 499-லிருந்து இன்றுவரை சனி சுமார் 51 சுற்று சுற்றிவிட்டது. சுற்றுக்கு ஒரு வாரம் வீதம் 51 வாரம். கிட்டத்தட்ட ஒரு வருஷம்!

கால்குலேட்டரில் இதைப் போட்டுப் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. இது தோராயக் கணக்குதான். இடையில் வந்த கணிதர்கள் சேர்த்த திருத்தங்கள், பாதையின் நசுங்கல், வக்ரம் எல்லாவற்றையும் சேர்த்தால் முன்பின் ஆகும். ஆனால் சித்தி வீட்டுக் கல்யாணம் தள்ளிப்போனதற்கான அடிப்படைக் காரணம் இதுதான். 1,500 ஆண்டுக்கு முந்தைய ஒரு வாரப் பிழை, வட்டிமேல் வட்டியாக இல்லாமல், தனிவட்டியாகச் சேர்ந்து நிற்கிறது. முந்தைய பெயர்ச்சிகளையும் எடுத்துப் பார்த்தேன். 2020-ல் திருக்கணிதம் ஜனவரி 24, வாக்கியம் டிசம்பர் 27. 2023-ல் திருக்கணிதம் ஜனவரி 17, வாக்கியம் டிசம்பர் 20. ஒவ்வொரு முறையும் அதே 11 மாதம்.

சனி ஐரோப்பாக்காரர்களையும் அலைக்கழித்த கோள்தான். அவர்களுடைய பட்டியல்களிலும் சனி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கியும், வியாழன் முந்தியும் போய்க்கொண்டிருந்தன. பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் 1785-ல் காரணம் கண்டுபிடித்தார். வியாழன் 5 சுற்று முடிக்கும்போது சனி கிட்டத்தட்ட 2 சுற்று முடிக்கிறது. இந்த ஒத்துப்போதலால் இரண்டும் ஒன்றையொன்று திரும்பத் திரும்ப ஒரே தாளத்தில் இழுக்கின்றன. விளைவாகச் சுமார் 900 ஆண்டுக்கு ஒருமுறை சுழலும் ஒரு தடுமாற்றம். இதெல்லாம் தெரியாமல் வெறும் கண்ணால் அளந்தவர்களைக் குறை சொல்ல முடியுமா?

நம் ஊரிலேயே இதைத் திருத்தப் போராடியவர் ஒருவர் உண்டு. சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1872-ல் லண்டன் ராயல் வானியல் கழகத்தில் உறுப்பினரான முதல் இந்தியர். பகலில் பஞ்சாங்கம், இரவில் தொலைநோக்கி என்று இரண்டையும் கையில் வைத்திருந்த மனிதர், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று பார்த்ததும், கண்ணால் கண்டதோடு பொருந்தும்படி பஞ்சாங்கம் கணிக்க வேண்டும் என்று வாதாடினார். 'திருக்கணிதம்' என்ற பெயரில் 'திருக்' என்பது கண்ணால் காண்பதைக் குறிக்கும் 'த்ருக்'தான். ஸ்ரீ என்று பொருள்படும் 'திரு' இல்லை. இது பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

என் கருத்தைக் கேட்டால்: கோயில் எந்த முறையில் திருவிழா நாள் குறிக்க வேண்டும் என்பது கோயிலின் மரபு. அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. வழிபாட்டுக்கு ஒரு நாள் வேண்டும். அது காலங்காலமாக வந்த நாளாக இருப்பதில் ஓர் அழகும் இருக்கிறது. ஆனால் 'வானத்தில் சனி எங்கே இருக்கிறது' என்று ஒருவர் கேட்டால், அதற்குப் பதில் மொட்டைமாடியில்தான் இருக்கிறது. மார்ச் 6 அன்று வாக்கியம் சொல்லும் இடத்துக்கும், சனி உண்மையில் நிற்கும் இடத்துக்கும் ஏறக்குறைய 8 டிகிரி வித்தியாசம் இருக்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. (நாகையில் நின்றால் துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானத்திலிருந்து சரியாக ஒரு முஷ்டி உயரத்தில்தான் இருக்கும், அளந்து பழகிக்கொள்ள அதுவே போதும்.) 8 டிகிரி என்றால், 16 முழு நிலாக்களை வரிசையாக அடுக்கிய தூரம்.

செயற்கைக்கோள் நிற்கிறதா?

திருநள்ளாறு என்றதும் வாட்ஸ்அப்பில் வரும் அந்தச் செய்தியைச் சொல்லாமல் விட முடியாது. 'திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வரும்போது நாசா செயற்கைக்கோள்கள் 3 விநாடி ஸ்தம்பித்து நின்றன. சனியிலிருந்து வரும் கருநீலக் கதிர்கள்தான் காரணம். விஞ்ஞானிகளே வந்து கும்பிட்டுப் போனார்கள்.' எனக்கு இது குறைந்தது நாலு குடும்பக் குழுக்களில் வந்திருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இது உண்மை இல்லை. நாசா அப்படி எதையும் சொன்னதில்லை. கணக்கும் இடம் கொடுக்காது. பூமிக்குப் பக்கத்தில் சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது (இங்கேயும் ஒரு ஏழரை!). 3 விநாடியில் 22, 23 கிலோமீட்டர். அதாவது நாகைக்கு மேலே இருக்கும் செயற்கைக்கோள் 3 விநாடி கழித்து திருநள்ளாற்றைத் தாண்டிப் போயிருக்கும். அந்த ஓட்டம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. நின்றால் விழும். நின்ற இடத்திலேயே நிற்பதுபோலத் தெரியும் செயற்கைக்கோள்கள் உண்டு. நம் வீட்டு டிஷ் ஆன்டெனா பார்த்துக்கொண்டிருப்பது அவற்றைத்தான். அவை இருப்பது நிலநடுக்கோட்டுக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில். திருநள்ளாறு நிலநடுக்கோட்டில் இல்லை.

நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். சர்வதேச விண்வெளி நிலையம் எந்தெந்த மாலையில், விடியலில் உங்கள் ஊருக்கு மேலே தெரியும் என்று நாசாவே இணையத்தில் அட்டவணை போடுகிறது. விமானம் மாதிரி விளக்குச் சிமிட்டாமல், வெள்ளி போல நிலையான வெளிச்சத்தோடு நாலைந்து நிமிடத்தில் வானத்தைக் கடந்துவிடும். காரைக்காலிலோ திருநள்ளாற்றிலோ நின்று பார்த்தாலும் அது யாருக்காகவும் நிற்காமல் போய்க்கொண்டே இருப்பதைக் காணலாம்.

பொய்யான அதிசயத்தைப் பரப்பும் நேரத்தில் நிஜமான அதிசயம் ஒன்று யாரும் கவனிக்காமல் போய்விட்டது என்பதுதான் என் ஆதங்கம்.

ஒரே மாதத்தில் மூன்று சேதி

2025 மார்ச். நாம் எல்லோரும் பெயர்ச்சி இந்த வருஷமா அடுத்த வருஷமா என்று பேசிக்கொண்டிருந்த அதே மாதம். மார்ச் 11-ம் தேதி, சனியைச் சுற்றும் 128 புதிய நிலவுகள் அதிகாரபூர்வமாகப் பட்டியலில் சேர்ந்தன. தைவானின் அகாடமியா சினிகாவைச் சேர்ந்த எட்வர்ட் ஆஷ்டன் தலைமையிலான குழு, ஹவாய்த் தீவு மலை உச்சியில் உள்ள கனடா - பிரான்ஸ் - ஹவாய்த் தொலைநோக்கியால் கண்டுபிடித்தவை. அதோடு சனியின் நிலவுகள் 274 ஆகின. சூரியக் குடும்பத்தின் மற்ற எல்லாக் கோள்களின் நிலவுகளையும் கூட்டினாலும் இதற்குக் கிட்டே வராது. புதியவை எல்லாம் சில கிலோமீட்டர் அளவுள்ள உருளைக்கிழங்கு மாதிரியான பாறைகள். முன்பு எப்போதோ பெரிய நிலவுகள் மோதிச் சிதறிய துண்டுகளாக இருக்கலாம் என்கிறார்கள்.

அடுத்து, மார்ச் 23. அன்றைக்குச் சனியின் வளையம் காணாமல் போனது. உடைந்துவிடவில்லை. வளையத்தின் விளிம்பு மட்டும் பூமியை நோக்கித் திரும்பியது. மேலிருந்து பார்த்தால் அகலமாகத் தெரியும் தோசைக்கல், கண் மட்டத்தில் பிடித்தால் ஒரு கோடாகிவிடும் இல்லையா? சனியின் முக்கிய வளையங்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை சுமார் 2,70,000 கிலோமீட்டர். தடிமனோ பெரும்பாலான இடங்களில் பத்து மீட்டர் அளவுதான், நம் ஊர் மூன்று மாடி வீட்டின் உயரம். பெரும்பாலும் பனிக்கட்டித் துண்டுகள். 14, 15 ஆண்டுக்கு ஒருமுறை இப்படி நடக்கும். கலிலியோவும் இதில் ஏமாந்தார். 1610-ல் சனிக்கு இரு பக்கமும் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தவர், 1612-ல் பார்த்தபோது ஒன்றுமே இல்லாமல் குழம்பிப்போனார். அது வளையம் என்று விளக்கியவர் 1659-ல் ஹைகன்ஸ்.

மூன்றாவது, மார்ச் 29: திருக்கணிதச் சனிப்பெயர்ச்சி. இதில் ஒரு வேடிக்கை. அந்த நாளில் சனி சூரியனுக்கு மிகப் பக்கத்தில், விடியல் வெளிச்சத்தில் மறைந்திருந்தது. ஊரே பேசிக்கொண்டிருந்த கோளை யாராலும் சரியாகப் பார்க்க முடியாத நேரம்.

சனியின் நிலவுகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது. என்சிலடஸ் மட்டும் ஒரு வரி. சுமார் 500 கிலோமீட்டர் குறுக்களவே உள்ள அந்தப் பனி உருண்டையின் தென்துருவத்திலிருந்து நீர் ஊற்றுகள் விண்வெளிக்குப் பீய்ச்சியடிப்பதை 2005-ல் காசினி விண்கலம் பார்த்தது. உள்ளே கடல் இருக்கிறது. காசினி 2017 செப்டம்பர் 15-ல் சனிக்குள் பாய்ந்து எரிந்துபோனது. ஆனால் அது அனுப்பிய தரவுகளை இன்னும் அலசுகிறார்கள். 2025 அக்டோபரில்கூட அந்த ஊற்றுத் துகள்களில் மேலும் சில கரிம மூலக்கூறுகள் இருப்பதாக ஆய்வு வெளியானது. டைட்டன் என்ற பெரிய நிலவுக்கு 'டிராகன்ஃப்ளை' என்ற பறக்கும் கலத்தை 2028-ல் அனுப்ப நாசா திட்டமிட்டிருக்கிறது. போய்ச் சேர 2034 ஆகும்.

எப்படிப் பார்ப்பது?

இப்போது தை மாதம். சூரியன் மறைந்து இருட்டியதும் தென்மேற்குப் பக்கம் திரும்பி, அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவே பாருங்கள். மஞ்சளாக, மினுக்காமல் நிதானமாக எரியும் புள்ளி சனி. இரவு 10 மணிவாக்கில் மறைந்துவிடும். கிழக்கே அதைவிடப் பல மடங்கு பிரகாசமாக இருப்பது வியாழன். அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சாதாரண பைனாகுலரில் வளையம் தெரியாது. 25 மடங்குக்கு மேல் பெருக்கிக் காட்டும் சின்னத் தொலைநோக்கி போதும். வளையம் இப்போதும் மெல்லிய கோடாகத்தான் தெரியும்; அதுவும் எப்போதாவதுதான் கிடைக்கும் காட்சி. பிப்ரவரி முடிவில் சனி தாழ்ந்துவிடும்.

மார்ச் 3 மாலை கடற்கரைக்கு வந்துவிடுங்கள். மாசிப் பௌர்ணமி. அன்று முழுச் சந்திர கிரகணம். முழு மறைப்பு நமக்கு நிலா உதிக்கும் முன்பே முடிந்துவிடும். ஆனால் மாலை 6.20-ஐ ஒட்டி நாகைக் கடலிலிருந்து நிலா எழும்போது அதன் ஒரு பகுதி கடித்துவைத்த அதிரசம் மாதிரி இருக்கும். 6.47-க்கு நிழல் விலகிவிடும். சந்திர கிரகணத்தைத் தாராளமாக வெறும் கண்ணால் பார்க்கலாம்.

மார்ச் 6, வாக்கியப்படி பெயர்ச்சி நாள். அன்றும் சனி சூரியனுக்குப் பக்கத்தில்தான். சூரியன் முழுக்க மறைந்த பிறகு அரை மணி நேரத்துக்குள் மேற்கு அடிவானத்தில் வெள்ளியைத் தேடுங்கள். அதற்கு அருகே மங்கலாகச் சனி இருக்கும். பைனாகுலர் இருந்தால் நல்லது. அடுத்த ஓரிரு நாளில் இரண்டும் இன்னும் நெருங்கும். மேற்கு என்பதால் கடற்கரை உதவாது. அறுவடை முடிந்த வயல்வெளிதான் சரி. பிறகு சனி சில வாரம் சூரிய வெளிச்சத்தில் மறைந்து, விடியல் பக்கம் போய், அக்டோபர் 4-ம் தேதி பூமிக்கு நேர் எதிரே வரும். அன்று மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே கடலிலிருந்து சனி எழும். நாகைக்காரர்களுக்கு இதைவிட நல்ல இடம் வேண்டாம். ஐப்பசி மழை முந்திக்கொள்ளாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மொட்டைமாடிக்குத் திரும்புவோம். தம்பிதான் முதலில் பார்த்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "சுண்டைக்காயில குண்டூசி குத்துன மாதிரி இருக்கு" என்றான். அந்தக் குண்டூசிதான் வளையம் என்றேன். பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி, டைட்டன். நீ பார்க்கிற வெளிச்சம் 150 கோடி கிலோமீட்டர் தாண்டி, அங்கிருந்து கிளம்பி எண்பது நிமிடத்துக்கு மேல் ஆகிறது, நாம் கீழே காபி குடித்துக்கொண்டிருந்தபோது புறப்பட்டது என்று சொன்னேன்.

சித்தி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "நான் நேருக்கு நேரா பாக்க மாட்டேன்பா. சந்நிதியிலயே பக்கவாட்டுல நின்னுதான் கும்பிடுவேன்."

"வளையமும் இப்ப பக்கவாட்டுலதான் சித்தி நிக்குது" என்றேன்.

அதற்கு அவர் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து வந்தார். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, இடது கண்ணை மூடி, குனிந்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றார். பூமி சுற்றுவதால் இரண்டு மூன்று நிமிடத்தில் சனி பார்வையை விட்டு நகர்ந்துவிடும், திரும்பப் பிடித்துக்கொடுத்தேன். மறுபடி குனிந்தார். நீண்ட நேரம் நிமிரவே இல்லை.

"இவ்வளவு சின்னதாவா இருக்கு?"

"பூமியை வரிசையா ஒன்பது வச்சாத்தான் அதோட குறுக்களவு சித்தி."

"நீ இப்ப மறுபடி நகத்திட்ட பாரு" என்று குறைப்பட்டார். திரும்பவும் பிடித்துக்கொடுத்தேன். நாலாவது தடவை பார்த்துவிட்டுத் தம்பியிடம், "பொண்ணு வீட்டுல யாரு போன் எடுப்பாங்க இந்நேரத்துக்கு?" என்று கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். நான் முக்காலியின் திருகை இறுக்குவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"தேதியெல்லாம் மார்ச் ஆறுக்கு அப்புறந்தான்" என்றார் சித்தி, படியிறங்கிக்கொண்டே. "அந்தப் பொண்ணையும் ஒருநாள் கூட்டிட்டு வரச் சொல்லு, இதைக் காட்டலாம்."